‘மோசமில்லை’ என்ற மாப்பிள்ளை

கிரின்ஸ்டெட், டென்மார்க்
14 யூன் 2009

ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் வாழும் மதிப்புக்குரிய மைத்துனர் நித்தியானந்தன் அவர்களுக்கு,

மாமாங்கம் குணசேகரம் ஆகிய நான், என் மகள் நிலானிக்குத் தாங்கள் கொண்டுவந்த சம்பந்தத்தைத் தாங்களே முறைப்படி நிறுத்திவிட வேண்டும் எனக் கேட்டு இதை எழுதுகிறேன். யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத இந்நாட்களில் ‘நலம்’ என்று எழுதக் கை கூசுகிறது. ஆகவே நாங்கள் மூவரும் உயிரோடிருக்கிறோம் என்று மட்டும் தெரிவிக்கிறேன். இக்காலத்தில் கலியாணம் பேசலாமா என்று நான் தயங்கியபோது, ஒரு நல்ல காரியமாவது நடக்கட்டும் என்றவர் தாங்களே.

மாப்பிள்ளை கோணேசன் நேற்றுப் பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்திறங்கினார். தாங்கள் சொன்ன உயரம், நிறம், பணிவு யாவும் இருந்தன. டண்டீயில் பிறந்தவர் தமிழ் பேசுவாரா என்ற என் ஐயம் காரிலேயே தீர்ந்தது. பேசினார். அதுதான் பிரச்சினை.

வன்னியிலிருந்து தப்பி வந்த அவருடைய பெரியப்பாவைப் பற்றி முதலில் விசாரிப்பதே முறை என்பதால், அவர் அமர்ந்ததும் விசாரித்தேன். “தொங்கிக்கொண்டு இருக்கிறார், அங்கிள்” என்றார், தேநீரை ஊதியபடி. தங்கள் தங்கை கமலேஸ்வரி “ஐயோ!” என்று அலறி வடைத் தட்டைக் கீழே போட்டாள். நான் எழுந்து நின்று மௌன அஞ்சலியே தொடங்கிவிட்டேன். “இல்லை அன்ரி, இருக்கிறார்! வவுனியா முகாமிலை இருக்கிறார்! ஒரு மாதிரித் தாக்குப்பிடிக்கிற ஆக்களை எங்கட ஊரிலை அப்பிடித்தான் சொல்லுறது!” என்று, தரையில் வடை பொறுக்கிக்கொண்டே அந்தப் பிள்ளை கத்தியது. எங்கட ஊர் என்பது டண்டீயாம்.

வடைத் தட்டு மறுபடி மேசைக்கு வந்தபின், நிலானி தாதிப் பயிற்சியில் முதலாவதாகத் தேறியவள் என்று சொன்னேன். “அவே யீ கோ!” என்றார். எனக்கு ஆங்கிலம் தெரியும். என் வீட்டில், என் கதிரையில் இருந்துகொண்டு, என்னைப் போகச் சொல்கிறார்! வியப்பு வந்தால் அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். குசினிக்குள்ளிருந்து கமலேஸ்வரி, “நீங்கள் ‘சும்மா போங்கோ’ எண்டு சொல்லுறேல்லையோ? அதைக் கேட்டு ஆர் எழும்பிப் போனவை?” என்றாள். விருந்தினர் முன் அவள் குறுக்கிட்டது முறையன்று.

பின்னர் இறால் குழம்பும் நண்டும் பரிமாறினோம். சாப்பாடு எப்படி என்று அவள் கேட்க, “நோ பாட், அன்ரி. மோசமில்லை” என்றார், மறுபடி சோறு போட்டுக்கொண்டே. அதையும் பொறுத்தேன். கடைசியில் நேராகவே கேட்டேன்: “எங்கட பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறீர், தம்பி?” நிலானி எதிரிலேயே இருந்தாள். அவர் காது சிவக்க அவளைப் பார்த்தார். “மோசமில்லை, அங்கிள்.”

மைத்துனர் அவர்களே! நான் தொழிற்சாலையில் துணியின் தரம் பார்ப்பவன். ‘மோசமில்லை’ என்ற துணி மலிவு விற்பனைக்குப் போகும். பாயசம் வருமுன்பே அவரைக் காரில் ஏற்றி, விமான நிலையத்தருகே உள்ள விடுதியில் இறக்கிவிட்டேன்.

திரும்பி வந்தால் கமலேஸ்வரி வாசலிலேயே நிற்கிறாள். “இவ்வளவு காலமா என்ரை சமையலுக்கு நீங்கள் தந்த ஒரே பட்டம் ‘உப்புக் குறையேல்லை’. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணனிட்டைப் போனனோ?” என்றாள். இது பொருத்தமற்ற ஒப்பீடு.

ஆகவே, தாங்கள் அவருடைய தந்தையிடம் கண்ணியமாக மறுப்பைத் தெரிவிக்கவும். மாமாங்கேஸ்வரர் அருளால் தங்கள் வீட்டார் யாவரும் நோய்நொடியின்றி வாழ்க.

இப்படிக்கு,
மா. குணசேகரம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் நிலானியின் கருத்தையும் கேட்பதே முறையென்று அவளிடம் கேட்டேன். கைத்தொலைபேசியிலிருந்து தலை தூக்காமல், “இக்க சோ ரிங்க, அப்பா” என்றாள். டெனிஷில் அதற்கு ‘அவ்வளவு மோசமில்லை’ என்பதே பொருள். ஆனால் நாங்கள் வாழும் இந்த யூட்லாந்துப் பகுதி மக்களிடம் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது; என் மேலாளர் தம் முதற் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, கண் கலங்கி, அதையேதான் சொன்னார். அவள் யாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள் என்பதையும் கண்டேன். எழுதியதைக் கிழிப்பது என் வழக்கமன்று. எனவே கடிதம் அப்படியே வருகிறது, கோரிக்கையை மட்டும் ரத்துச் செய்யவும். மாப்பிள்ளையின் விமானம் இன்று மாலையில்தான். நான் இப்போதே பில்லுண்டுக்குப் புறப்பட்டு, அவரை வீட்டுக்கு அழைத்துவந்து, நாள் குறிக்கும் பேச்சை நானே தொடங்குவேன்.