மூட மறுத்த போல்ட்

தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் துப்பாக்கியின் போல்ட் முக்கால்வாசி இறங்கி நின்றுகொண்டது. லூரன்ஸ் கைப்பிடியை உள்ளங்கையால் அழுத்தினான். அசையவில்லை. எழுந்து நின்று அழுத்தினான். சமையல் மேசைதான் கிறீச்சிட்டது.

“இன்னிக்கு புதன்,” என்றாள் அவன் மனைவி ரியானா, ரஸ்க்குக்கு மாவு பிசைந்தபடி.

“தெரியும்.”

“சனிக்கிழமை வேட்டை.”

“அதுவும் தெரியும்.”

“உன் துப்பாக்கிக்குத் தெரியுமா?”

லூரன்ஸ் மறுபடி உட்கார்ந்தான். மேசைக்கு அடியில் அவன் வலது கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. துப்பாக்கியின் ஊசியை முன்பே கழற்றி வைத்திருந்தான். தோட்டா வெடிக்க வழியில்லை. மூடவும் வழியில்லை என்பதுதான் சிக்கல்.

ஒவ்வொரு ஜூலையிலும், குளிர்காலத்தின் நடுவில், மாமனார் ஸாரெலின் பண்ணையில் ஸ்பிரிங்போக் மான் வேட்டை நடக்கும். சுடத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்வார்கள். சுடத் தெரியாதவன் கொட்டகையில் கறி அரைக்கும் மெஷினின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். லூரன்ஸ் முதல் வருடம் குறி தவறினான். இரண்டாம் வருடம் தும்மினான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் மாமனார் ஒன்றும் கேட்கவில்லை, மெஷினைக் கைகாட்டினார்.

இந்த வருடம் மாமியார் ஹெஸ்டர் பரிந்து பேசி அவனுக்கு ஓர் இடம் வாங்கிக் கொடுத்திருந்தார். அணைக்கட்டுக்குப் பக்கத்தில், நல்ல இடம். ஸாரெல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “இந்தத் தடவையும் சொதப்பினான்னா, அந்தக் கைப்பிடியில அவன் பேரைப் பொறிச்சுடுவேன். அப்புறம் சாகற வரைக்கும் அது அவனுதுதான்.”

லூரன்ஸ் பள்ளியில் இசை ஆசிரியர். ஞாயிறுகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். தோட்டாக்களைக் கடையில் வாங்கமாட்டான். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து, கழுத்தை இறுக்கி, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்துத் தானே செய்துகொள்வான். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் நீல மசியால் ஒரு புள்ளி வைப்பான். குடும்பத்தில் அதற்குச் ‘சமையல் தோட்டா’ என்று பெயர். வைத்தவர் ஸாரெல்.

கூட்டின் கழுத்தை மட்டும்தான் அவன் இறுக்குவான்; உடம்பைத் தொடமாட்டான். ஒரு முறை வெடித்த கூடு அந்தத் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள் உப்பி, அதற்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஆகிவிடும். அதை ஏன் பிரித்துத் தைக்க வேண்டும்? மருந்தைத் தூசி தூசியாக நிறுப்பான். கூடுகளை மட்டும் எண்ணியதே இல்லை. காலியானது காலி டப்பாவில், நிறைந்தது நிறைந்த டப்பாவில்.

போல்ட்டைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வெறும் துப்பாக்கியில் இழுத்துத் தள்ளினான். வழுக்கிக்கொண்டு போனது.

“துப்பாக்கி மேல தப்பில்ல,” என்றான்.

“பின்ன?”

“தோட்டா மேல.”

“தோட்டாவைச் செஞ்சது யாரு?”

அவன் கராஜுக்குப் போனான்.

குண்டு நீளமாக நிற்கிறது, முன்னால் போய் இடிக்கிறது என்று முதலில் தோன்றியது. செய்து வைத்திருந்த நாற்பது தோட்டாக்களிலும் குண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். ஒன்றில் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொட்டிருக்கலாம். அவனுக்குப் பொறுமையில்லை. நாற்பதையும் தள்ளிவிட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தான். போல்ட் அதே இடத்தில் நின்றது. இரண்டு மாதம் சுட்டுச் சுட்டுக் கண்டுபிடித்த அளவு கைவிட்டுப் போனதுதான் மிச்சம். குண்டு உள்ளே போனால் சுடுபவரின் தோளில் விழும் உதை கூடும் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்து, காலிக் கூடுகளின் வாய் நீண்டுவிட்டதோ என்று சந்தேகம். சமையல் மேசையில் உட்கார்ந்து வாயைச் சீவினான். அரை மணி நேரம் கழித்து ரியானா மாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இது என்ன மினுங்குது?”

“எது?”

“ரஸ்க்குல பித்தளை போட்டிருக்கியே, அது.”

ஒரு தட்டு மாவு கோழிக்குப் போனது. கோழி ஒரு முறை கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

அன்று மாலைப் பாட்டுப் பயிற்சியில் லூரன்ஸ் ஆர்கனை வாசித்த வேகத்தில் பாடகர் குழுவுக்கு மூச்சு வாங்கியது. “பரலோகத்துக்குக் கடைசி பஸ்ஸா தம்பி?” என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேராகத் துப்பாக்கி பழுது பார்க்கும் ஃபானிடம் போனான். ஃபான் கிழவர் ஒரு காலிக் கூட்டை மெழுகுவத்திப் புகையில் கறுப்பாக்கினார். துப்பாக்கிக்குள் விட்டு, போல்ட்டை மெல்ல அழுத்தி, வெளியே எடுத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கூட்டின் தோள் வளைவில் மட்டும் கரி தேய்ந்து பித்தளை பளிச்சென்றது.

“இங்கதான் இடிக்குது. இது உன் துப்பாக்கியில வெடிச்ச கூடு இல்ல, தம்பி.”

“என்னோடதுதான் ஐயா. அடியில பாருங்க, நீலப் புள்ளி.”

“உன்னோடதுதான். நான் இல்லேங்கல. ஆனா வேற வீட்டுல தூங்கிட்டு வந்திருக்கு.”

“என்ன சொல்றீங்க?”

“உன்னத விட அறை பெருசா இருக்கற துப்பாக்கி. அதுக்குள்ள வெடிச்சு அந்த அளவுக்கு உப்பியிருக்கு. குண்டான ஆள் போட்டுக் கழட்டின சட்டை மாதிரி.”

“என் தோட்டாவை யாரும் தொடமாட்டாங்க.”

“எல்லாப் புருஷனும் அப்படித்தான் சொல்லுவான்,” என்றார் ஃபான். தன் நகைச்சுவையை ரசித்துக் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு அலமாரியிலிருந்து இரும்பு அச்சு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இதுல விட்டு முழு உடம்பையும் அழுத்து. சரியாயிடும். மெழுகு தடவாம மட்டும் விட்றாத.”

வீட்டில் மெழுகு இல்லை. கடை மூடியிருந்தது. ரியானாவின் கைக்குத் தடவும் க்ரீம் இருந்தது. லூரன்ஸ் அதைத் தடவி முதல் கூட்டை அச்சுக்குள் அழுத்தினான். உள்ளே போனது. வெளியே வரவில்லை. நெம்புகோலில் தொங்கினான். கூட்டின் விளிம்பு பிய்ந்து கையோடு வந்தது. கூடு அச்சுக்குள்ளேயே தங்கிவிட்டது.

“கராஜ் முழுக்க ரோஜாப்பூ வாசம்,” என்றாள் ரியானா.

“ஃபானோட அச்சு போச்சு.”

“என் க்ரீமும் போச்சு.”

வெள்ளிக்கிழமை நாற்பது தோட்டாக்களையும் ஊசி இல்லாத துப்பாக்கியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். பதினொன்று சுலபமாக மூடியது. இருபத்தொன்பது மூடவில்லை.

“பதினொண்ணு இருக்கில்ல? அது போதும்,” என்றாள் ரியானா. “ஒரு மானுக்கு எத்தன வேணும் உனக்கு?”

“என்னோட கூட்டை யாரு சுட்டாங்க?”

“யாரோ சுட்டாங்க. விட்டுடு லூரன்ஸ்.”

“டிர்க் கடைசியா எப்ப இங்க வந்தான்?”

டிர்க் மூத்த மாப்பிள்ளை. ரியானாவின் அக்கா கணவன். அதே அளவுத் துப்பாக்கி வைத்திருப்பவன். கடைத் தோட்டாதான் போடுவான். அதைச் சொல்லிக்கொண்டே இருப்பான்.

“ஈஸ்டருக்கு.”

“தனியா கராஜுக்குப் போனானா?”

“பீர் எடுக்கப் போனான்.”

“ஆங்,” என்றான் லூரன்ஸ். அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான்.

“உக்காரேன். தரை தேஞ்சிடப் போகுது,” என்றாள் ரியானா. “மூடாத தோட்டாவை எல்லாம் இந்த ரஸ்க் டப்பாவுல போடு. நான் பாத்துக்கறேன்.”

லூரன்ஸ் டப்பாவைப் பார்க்காமலே போட்டான். அவன் நினைப்பெல்லாம் டிர்க்கின் மீசை மேல் இருந்தது.

சனிக்கிழமை விடியும்போது பண்ணையில் புல்லெல்லாம் உறைபனி. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஸாரெல் பத்தடி தூரத்தில் நின்று கையை அகலமாக விரித்தார்.

“வா வா, டிர்க்!” என்றார் லூரன்ஸைப் பார்த்து.

எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள். லூரன்ஸின் காது சூடாகியது. ஏழு வருட மாப்பிள்ளை. பெயர்கூட நினைவில்லை.

“இது லூரன்ஸ்,” என்றார் ஹெஸ்டர், ரியானாவிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டே. “இன்னிக்கு அணைக்கட்டு ஓரம் அவனுக்கு.”

அங்கேயே வாயை மூடிக்கொண்டு அணைக்கட்டுக்கு நடந்திருந்தால் கதை வேறு. பையில் மூடும் தோட்டாக்கள் பதினொன்று இருந்தன. ஆனால் டிர்க் சிரித்தான்.

“என்ன மாப்ள, சமையல் முடிஞ்சுதா? உப்பு சரியா இருக்கா?”

லூரன்ஸ் சட்டைப் பையிலிருந்து காலிக் கூடு ஒன்றை எடுத்தான்.

“இதை யாரோ வேற துப்பாக்கியில சுட்டிருக்காங்க. இந்த அளவுத் துப்பாக்கி வேற யாருகிட்ட இருக்கு?”

“என்னைத் திருடன்னு சொல்றியா?”

“கூட்டைத்தான் கேக்கறேன்.”

“காசு குடுத்துக் கடையில வாங்கறவன்டா நான்! உன் எச்சித் தோட்டா எனக்கெதுக்கு?”

“அப்ப உன் துப்பாக்கியில போட்டுக் காட்டு. சுலபமா மூடினா நீதான். மூடலேன்னா இங்கயே மன்னிப்பு கேக்கறேன்.”

டிர்க் கூட்டைப் பிடுங்கித் தன் துப்பாக்கிக்குள் போட்டான். போல்ட் பாதியில் நின்றது. அத்துடன் விட்டிருக்கலாம். கோபத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். மூடிக்கொண்டது.

“பாத்தியா, மூடிடுச்சு!” என்றான் லூரன்ஸ்.

“நான் அடிச்சதால மூடிச்சு! அது இறுக்கம்டா, மடையா!”

“அப்ப திற.”

திறக்கவில்லை. டிர்க் இழுத்தான். லூரன்ஸ் இழுத்தான். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். லூரன்ஸ் ஒரு விறகுக் கட்டையைக் கொண்டுவந்து கைப்பிடியைக் கீழிருந்து தட்டினான். போல்ட் திறந்தது. கூட்டின் விளிம்பில் ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது. கூடு உள்ளேயே இருந்தது.

“நாலு மாசச் சம்பளம்,” என்றான் டிர்க் மெதுவாக. “இந்தத் துப்பாக்கி எனக்கு நாலு மாசச் சம்பளம்.”

“மன்னிச்சுக்கோ அண்ணே. நீ இல்ல.”

“மாமாகிட்டயும் இதே அளவுதானே இருக்கு?” என்றான் டிர்க் திடீரென்று. “அதுலயும் ஒண்ணு போட்டுப் பாரேன். எங்கிட்ட மட்டும் என்ன?”

கொட்டகை வாசலில் நின்ற ஸாரெல் தொண்டையைக் கனைத்தார். ரியானா குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தாள்.

“காப்பி ஆறுது,” என்றார் ஹெஸ்டர்.

“ரெண்டு பேரும்,” என்றார் ஸாரெல், இருவருக்கும் நடுவில் நின்ற வேலிக்கம்பத்தைப் பார்த்துக் கையை நீட்டி, “மெஷினுக்குப் போங்க. இன்னிக்கு நான் மட்டும் சுடறேன்.”

அவர் தன் துப்பாக்கியுடன் மேட்டுக்கு நடந்தார். வழக்கம்போல ஹெஸ்டர் கொஞ்சம் பின்னால், காப்பிக் குடுவையும் ரஸ்க் டப்பாவும் இருந்த கூடையோடு. காப்பி வராமல் ஸாரெல் சுடமாட்டார். ஐந்து வருடமாக அப்படித்தான். ஐந்து வருடமாக ஒரே வெடி, ஒரே மான். அதை மாவட்டமே பேசும்.

கொட்டகையில் முந்தின நாள் அறுத்த ஆடு துண்டு துண்டாகக் காத்திருந்தது. லூரன்ஸ் கைப்பிடியைச் சுற்றினான். டிர்க் கறியைத் திணித்தான். கொத்தமல்லியை வேண்டுமென்றே லூரன்ஸின் ஷூ மேல் கொட்டினான்.

“உன் பேரைப் பொறிக்கும்போது என் பேரையும் சேத்துப் பொறிப்பாரு. ஒரே கைப்பிடியில ரெண்டு முட்டாள்.”

“வேகமா சுத்தறனா?”

“சுத்து. வேற என்ன வேலை நமக்கு?”

மேட்டுப் பக்கம் ஒரு வெடி கேட்டது. ஒன்றே ஒன்று. லூரன்ஸ் தலையைத் தூக்கினான். எப்போதும் கேட்பதைவிடச் சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தது போல அவன் காதுக்குப் பட்டது.

“எழுபத்தஞ்சு வயசு. ஒரே வெடி,” என்றான் டிர்க். “மனுஷனுக்கு என்ன கண்ணுடா!”

சற்று நேரத்தில் வண்டியில் மானைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஸாரெல் அதன் கொம்பைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, தான் எப்படி மூச்சை அடக்கினார் என்று விவரித்தார். டிர்க் கையைக் கழுவிக்கொண்டு கேட்கப் போய்விட்டான்.

லூரன்ஸ் சுற்றிக்கொண்டே இருந்தான்.

ஹெஸ்டர் உள்ளே வந்தார். கூடையைக் கீழே வைத்தார். வலது தோளை இடது கையால் நீவிக்கொண்டே அவன் பக்கத்தில் வந்து, அவனுடைய ஏப்ரன் பைக்குள் எதையோ போட்டார். லூரன்ஸ் எடுத்துப் பார்த்தான். காலிக் கூடு. இன்னும் மருந்து நெடி அடித்தது. அடியில் நீலப் புள்ளி.

“இந்தத் தடவ என்னத்தை மாத்தினே மாப்ள? வருஷம் பூரா உன் தோட்டாவுலதான் பழகறேன், இப்படி உதைச்சதே இல்ல,” என்றார் ஹெஸ்டர் குரலைத் தாழ்த்தி. “பழையபடியே செய், தோள்பட்டையைப் பேத்துடுச்சு.”