பத்துப் பேர் சேர்ந்தால் வரும் ஜீப்

ஜவ்வாது மலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சந்திரனுக்கு ரங்கன் எழுதுவது. நானும் உன் அக்காவும் மகள் கோகிலவாணியும் ஆடுகளும் நலம். சென்னையில் நீயும் நலமாகவே இருப்பாய். போனில் பார்க்க நீ செய்து கொடுத்த ஜீப் பக்கம்தான் நலமாக இல்லை.

பத்துப் பேர் சேர்ந்தால்தான் மோகன் ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பை மேலே கொண்டுவருவான். போனில் ‘வர்றேன்’ பொத்தானை அழுத்தினால் எண்ணிக்கை தானாக ஏறும் என்று நீ சொன்னபோது நாங்களும் கைதட்டினோம். ஆனால் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று திறந்தால் முதலில் பூ கொட்டுகிறது, பிறகு ஒரு ஜீப் குறுக்கே ஓடுகிறது, அது ஓடி முடிப்பதற்குள் நான் பாதி வழி நடந்தே போயிருப்பேன், பொத்தான் வந்ததே என்று விரலை வைத்தால் மேலே இன்னொரு படம் வந்து அதைக் கீழே தள்ளிவிடுகிறது, துரத்திப் பிடித்து அழுத்தினாலும் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் கிடையாது. போன புதன்கிழமை மேலத்தெரு மாணிக்கம்மாள் ஒன்பது முறை அழுத்தியிருக்கிறாள். கேட்டால், “பதிலே சொல்லல, காதுல வுழலையோன்னு திரும்பத் திரும்ப அழுத்தினேன்” என்கிறாள். என்னோடு சேர்த்துப் பத்து. மோகன் மலையேறி வந்து பார்த்தான்.

“இன்னா மாமா, பத்து பேர்னு காட்டுது, இங்க ரெண்டு பேரும் ஒரு ஆடும் நிக்கிறீங்க. சரி, வந்த பாவத்துக்கு ஏறுங்க” என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

நாளை கோகிலவாணி சாதிச் சான்றுக்காகத் தாலுகா ஆபீசில் நேரில் நிற்க வேண்டும். தவறினால் நர்சிங் சீட்டு இன்னொருத்திக்குப் போய்விடும். அதனால் கண்டிப்பாகச் சொல்கிறேன், இன்றே பூவை நிறுத்து, ஓடும் ஜீப்பை ஷெட்டில் விடு. எண்ணிக்கை மட்டும் மாறட்டும், மற்றதெல்லாம் ஆடாமல் நிற்கட்டும். அழுத்தியதும் ‘சேர்த்தாச்சு’ என்று சொல்லட்டும். முக்கியமாக, ஒருவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒருவராகவே எண்ண வேண்டும். மோகனை ஏமாற்றும் பக்கம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் குலசாமி துணையிருக்கட்டும். இதைக் கோகிலா படம் பிடித்துப் பாறைமேலிருந்து அனுப்புவாள்.

இப்படிக்கு,
உன் மச்சான் ரங்கன்

பி.கு.: நாளை சாயங்காலம் வரை அந்தப் பக்கத்தின்மேல் கை வைக்காதே. எங்கள் இரண்டு பேரைத் தவிர ஊரில் யாரும் கிளம்புவதாகத் தெரியவில்லை. இப்போதுதான் பாறைமேல் ஏறிப் பத்து முறை அழுத்திவிட்டு வந்தேன்.