கீரைக்கு முன்னால் அரை மணி நேரம்

பெருமதிப்பிற்குரிய மூத்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியம். இது காலை பதினோரு மணி நிலவரம். பன்னிரண்டரைக்கும் இதே வார்த்தையை எழுத முடியுமா என்பது, இப்போது சமையலறையில் உங்கள் தங்கை அலசிக்கொண்டிருக்கும் இலையின் கையில் இருக்கிறது. அது என்ன இலை என்று கேட்டேன். "சாப்பிடற இலைதான்"னு பதில் வந்தது. அதற்கு மேல் கேட்கத் தைரியம் இல்லை.

மச்சான், தாங்கள் நல்ல மனதோடுதான் அந்தப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினீர்கள். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் தங்கைக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலுதான் இருக்கிறது, பத்துக்கு ஏறினால்தான் தொடுவேன் என்று பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் சீக்கிரம் ஏற்றுங்கள் என்றும் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை நாலாம் நாளே உங்கள் தங்கை வயிறு கட்டுகிறது என்று நிறுத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து உங்கள் பார்சல் வந்தது. 'தானே முளைக்கும் கீரைகளும் அவற்றின் சத்தும்.' கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரித்து, தூசி தட்டி, நானே அவளிடம் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் மச்சான், வேறென்ன சொல்ல!

புத்தகத்தில் நூற்று நாற்பது படங்கள். அத்தனையும் கறுப்பு வெள்ளை. பச்சை நிறத்தைத் தவிர வேறு அடையாளமே இல்லாத ஒரு பொருளைக் கறுப்பு மையில் அச்சடித்தவனை என்ன செய்தால் தகும்? எல்லா இலையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. கடைசி அத்தியாயத்தின் பெயர் 'ஏமாற்றும் இலைகள்.' அதை நான் பதினோரு தடவை படித்துவிட்டேன். வேறு எதையும் படிக்கவில்லை. உங்கள் தங்கை அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்தாள். எங்கள் குடும்பமே இப்படித்தான், நல்ல செய்தி அவள் பங்கு, கெட்ட செய்தி என் பங்கு. காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால், விளையாட்டு மைதானத்து வேலியோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்தும் இடத்தில் சிமெண்ட் வெடித்த கீறல், ஒன்றையும் விடுவதில்லை. "குப்பைக்கீரையில எவ்வளவு இரும்பு இருக்கு தெரியுமா? காசு குடுத்து வாங்கற கீரை இதுக்குக் கால் தூசு"ங்கிறாள். "பருப்புக்கீரையில மீன்ல இருக்கற கொழுப்புச் சத்து இருக்காம்"ங்கிறாள். கீரைக்குள்ளே மீன் வந்தது எப்படி என்று நான் அன்று முழுவதும் யோசித்தேன்.

தாங்கள் அறிவீர்கள், நான் பெயிண்ட் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பாதுகாப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன். என் கண்காணிப்பில் ஒரு உயிர் போனதில்லை, ஒரு விரல் போனதில்லை. களைக்கொல்லி மருந்து என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். குடியிருப்புத் தோட்டக்காரர் மாதம் ஒருமுறை முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு அடித்துக்கொண்டு போவாரே, அதே ஓரத்தில்தான் இவள் பறிக்கிறாள். நான் சும்மா இருக்கவில்லை. அட்டையில் பெரிய எழுத்தில், 'இங்கே சத்துள்ள உணவுக் கீரை வளர்கிறது, மருந்து அடிக்கக் கூடாது' என்று எழுதி நட்டு வைத்தேன். தோட்டக்காரர் மரியாதையாக ஒதுங்கிப் போனார். ஆனால் மறுநாள் காலை பார்த்தால் மூன்று மாடிக்காரர்களும் பையோடு நிற்கிறார்கள்! ஒரு தண்டு மிச்சமில்லை. அட்டையின் காலடியில் இருந்த புல்லைக்கூட யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள், அவர்கள் வீட்டில் என்ன ஆனதோ தெரியவில்லை, இன்றுவரை நான் படியில் யாரைப் பார்த்தாலும் முதலில் நாக்கைத்தான் பார்க்கிறேன். உங்கள் தங்கை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ரயில் பாதைப் பக்கம் போய்விட்டாள். அங்கே எந்த மருந்து அடிக்கிறார்கள் என்று யாரைக் கேட்பது?

பருப்புக்கீரைக்கு ஒரு போலி இருக்கிறது மச்சான். அதே மாதிரி தரையோடு படரும், அதே மாதிரி சிவந்த தண்டு. ஒடித்தால் பால் வரும், அது வயிற்றைக் கலக்கிவிடும். பால் வராவிட்டால் பருப்புக்கீரை. ஆகவே அவள் குளிக்கப் போனதும் நான் தண்டு தண்டாக ஒடித்துப் பார்ப்பேன். ஒரு பிடிக் கீரைக்கு முக்கால் மணி நேரம். வெளியே வந்தவள் குவியலைப் பார்த்து, "என்னங்க, எனக்கு வேலை வைக்காம நீங்களே ஆய்ஞ்சுட்டீங்களா!"ன்னு சந்தோஷப்பட்டாள். நான் ஆய்வதில்லை, ஆய்வு செய்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்"னு ஒரே வார்த்தையில் என் முப்பத்தொரு வருஷ அனுபவத்தையும் குப்பையில் கொட்டிவிடுவாள்.

அதனால் நான் ரகசியமாக ஒரு முறை வைத்தேன். தொழிற்சாலையில் புது டிரம் வந்தால் முதலில் மாதிரி எடுப்போம், அப்புறம்தான் உள்ளே விடுவோம். அதேபோல அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு கரண்டியை நான் முதலில் சாப்பிட்டுவிட வேண்டும். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவள் சாப்பிடலாம். ஆகிவிட்டால், ஆபரேஷன் வரை உயிரோடு இருக்க வேண்டியவள் அவள்தானே, நான் போனால் போகிறேன். இதை வீரம் என்று நினைக்க வேண்டாம். அந்த அரை மணியும் நாடியைப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நாக்கு மரத்துப்போகிறதா என்று அடிக்கடி கடித்துப் பார்த்துக்கொண்டு, நான் படுகிற பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது. கல்யாணத்துக்கு மறுநாள்கூட நான் இப்படி நடுங்கியதில்லை.

ஆனால் அந்த அரை மணி அவளைச் சும்மா உட்காரவைப்பது எப்படி? பசியோடு இருப்பவள் தட்டைப் போட்டுவிட மாட்டாளா? அங்கேதான் என் மூளை வேலை செய்தது. "நீ உக்காரு, வேலை செஞ்சு களைச்சிருக்க, நான் ஒரு டீ போட்டுத் தரேன்" என்று ஆரம்பித்தேன். நல்ல கெட்டி டீ, பெரிய டம்ளரில். அதைச் சூடு ஆறக் குடித்து முடிக்க அரை மணி ஆகும். சாப்பிடும்போது பக்கத்தில் இன்னொரு டம்ளர். வயிற்றில் டீ எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு கீரைக்கு இடம் குறைவு, ஏதாவது இருந்தாலும் குறைவாகத்தான் உள்ளே போகும் என்பது என் கணக்கு. மூன்று மாதம், இரண்டு வேளையும், ஒரு நாள் தவறவில்லை. அவளும் ஒரு நாள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நடுவில் ஒரு நாள் சிவப்புத் தண்டுக் கீரையை வதக்கினாள். நான் வழக்கம்போல ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தால், வாஷ்பேசின் முழுக்கச் சிவப்பு! அவ்வளவுதான், கதை முடிந்தது என்று அடுப்பில் மிச்சமிருந்ததைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், தெருமுனை கிளினிக்குக்கு ஓடினேன். ஆராய்ச்சிக்கு மாதிரி வேண்டுமே! நர்ஸம்மா என் வாயில் விளக்கடித்துப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "ஐயா, இது கீரைச் சாயம். சட்டைல பட்டா போகாது, நாக்குல பட்டா நாளைக்குப் போயிடும்"னார். காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் சட்டியை எட்டிப் பார்த்து, உப்பு போதுமா என்று கேட்டார். வெட்கத்தில் சட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், "சட்டி எங்கங்க?" என்று உங்கள் தங்கை. எதிர்வீட்டில் ருசி பார்க்கக் கேட்டார்கள் என்று பொய் சொன்னேன். அதை நம்பி அவள் எதிர்வீட்டுக்கு இன்னொரு சட்டி கொடுத்தனுப்பினாள். அவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை எழுதியதெல்லாம் இதை எழுதத் தைரியம் வராமல் எழுதியது. இன்று காலை அதே கிளினிக்குக்கு ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க நான் மட்டும் போனேன். எட்டு புள்ளி மூன்று. மூன்று மாதம் ஊரில் உள்ள கீரையையெல்லாம் மேய்ந்தும் புள்ளி ஒன்று இறங்கியிருக்கிறது. நர்ஸம்மா தாளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கீரை சாப்பிட்டும் ஏறலையா? சாப்பாட்டோட டீ, காபி ஏதாவது குடிக்கறாங்களா?"ன்னு கேட்டார். "கொஞ்சம்"னேன். "கொஞ்சமும் கூடாதுய்யா. கீரையில இருக்கற இரும்பை டீ பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல ஒட்டவே விடாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடச் சொல்லுங்க. டீ குடிச்சுத்தான் ஆகணும்னா சாப்பாட்டுக்கும் அதுக்கும் ஒண்ணு ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடணும். யாரு போட்டுக் குடுக்கறது?"ன்னார். நான் தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன் மச்சான்.

கீரை அவளைக் கொன்றுவிடும் என்று பயந்து, கீரை செய்த நல்லதையெல்லாம் நானே என் கையால் வடிகட்டிக் கொட்டியிருக்கிறேன். ஆபரேஷன் இன்னும் மூன்று மாதம் தள்ளிப் போய்விட்டது. அதற்குள் அந்தக் கல் நகர்ந்தால்? போன வாரம் சாப்பிட்டு முடித்து விலாவைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள், கேட்டால் வாயு என்றாள். முடிவு வர நாளாகும் என்று பொய் சொல்லிவிட்டு, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேள் கொட்டிய திருடனாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆகவே தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வந்து, காரணம் இந்த மடையன்தான் என்று அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். என்னை அதட்ட வேண்டுமானால் அவளுக்கு எதிரிலேயே அதட்டலாம், அவளுக்கும் ஆறுதலாக இருக்கும். போகும்போது அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மாத்திரையே போதும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சின்னவர்களுக்கு என் ஆசியும். எல்லாரும் நீண்ட நாள் நோய் நொடி இல்லாமல், என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட்டு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை வேண்டும்
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எல்லாம் தப்பு மச்சான். உறை ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் உங்கள் தங்கை இதை முழுக்கப் படித்துவிட்டாள். கத்துவாள் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன். கத்தவில்லை. உங்கள் புத்தகத்தை எடுத்து வந்து இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினாள். நர்ஸம்மா சொன்னதெல்லாம் அங்கே அச்சில் இருக்கிறது. பக்கத்தின் மூலை மடித்து, அந்த மடிப்பே நைந்துபோயிருக்கிறது. "முத வாரமே படிச்சுட்டேங்க"ன்னாள். "அப்புறம் ஏன் குடிச்ச?"ன்னேன். புத்தகத்தை மூடினாள். "பத்து வந்துட்டா கூப்பிட்டுருவாங்கல்ல. மயக்க மருந்து குடுப்பாங்க. நான் எழுந்திரிக்கலேன்னா? கீரை பறிக்கப் போனா நான் முயற்சி பண்றேன்னு எல்லாரும் நம்புவீங்க. நீங்களா டீ போட்டுத் தந்தீங்க, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த மாத்திரைகூட வயித்தை ஒண்ணும் பண்ணலங்க"ன்னு சொல்லி அழுதுவிட்டாள். முப்பத்துநாலு வருஷமாக இந்த வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று எலுமிச்சம்பழம் பிழிந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டோம். மாத்திரையும் போட்டுக்கொண்டாள். டீ கிடையாது. அதனால் இப்போது அவளிடம் எதையும் எடுத்துச் சொல்லத் தாங்கள் வர வேண்டியதில்லை. ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் வாருங்கள். அவளுக்குத் தைரியம் சொல்ல அல்ல, அதை நான் சொல்லிவிட்டேன். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகு, வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும்.