சகலைக்கு, டிஸ்க் விஷயமாக

இதுநாள்வரை என் மதிப்புக்கு உரியவராக இருந்துவந்த சகலை அவர்களுக்கு,

இங்கே நான், என் மனைவி, ஸ்டூடியோ மூவரும் ஏதோ உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்பதை, நான் அனுப்பும் வாட்ஸப் செய்திகளில் நீலக் கோடு விழுவதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். கோடு விழுகிறது, பதில்தான் விழக் காணோம். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்கிறீர்கள். இப்படி விடாமல் மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஒரு மனிதனின் இடுப்பு என்ன ஆகும் என்ற கவலையில்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கினாலே படித்ததாக எடுத்துக்கொள்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எனக்குப் போட்டுக்கொடுத்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. முழுக் கம்ப்யூட்டரும் என்று சொன்னால் பாவம். விளக்கு எரிகிறது, காற்றாடி சுற்றுகிறது, பாட்டுக் கேட்கலாம், சீட்டு ஆடலாம். நான் எடுத்த படங்கள்தான் இல்லை. எல்லாக் கல்யாணமும் போனது, அதிலும் மாடி வீட்டுக்காரர் மகள் கல்யாணம் போனதுதான் என் தலையில் இடி. அவர் யாரென்று உங்களுக்கே தெரியும். என் ஸ்டூடியோவும் பின்கட்டில் எங்கள் வீடும் இருக்கும் கட்டடமே அவருடையது. வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. "ஆல்பத்தைக் கையில கொடு, அடுத்த நிமிஷம் அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டார். எதிர்ச் சாரியில் செருப்புக் கடை வைத்திருப்பவர் ஏற்கெனவே டேப்போடு வந்து என் வாசலை அளந்துவிட்டுப் போனார், நான் உள்ளே இருக்கும்போதே. ஆகவே இதை ஏதோ டிஸ்க் பிரச்சனை என்று நினைத்துவிடாதீர்கள், இது என் சோற்றுப் பிரச்சனை.

நான் பாட்டுக்கு இருந்தவன். ஒரு கல்யாணத்துக்கு ஒரு கையடக்க டிஸ்க், அதன் மேல் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் பெண் மாப்பிள்ளை பெயர், எல்லாம் மேசை டிராயரில் வரிசையாக. இத்தனை வருஷத்தில் ஒரு பெண்ணும் வேறொருத்தியின் மாப்பிள்ளையோடு ஆல்பத்தில் போய் நின்றதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த நீங்கள் பல்குத்தும் குச்சி தேடி அந்த டிராயரைத் திறந்தீர்கள். திறந்து சிரித்தீர்கள். "என்னண்ணே, இன்னும் கற்காலத்துலயே இருக்கீங்க?" அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் நானும் கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் எங்கள் கரண்ட் பில்லைத் திருப்பிப் போட்டுக் கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்தீர்கள். விண்டோஸுக்கு எஸ்எஸ்டி என்று ஒரு குட்டி வேக டிஸ்க், நடக்கிற வேலைக்கு இன்னொரு எஸ்எஸ்டி, முடிந்த வேலைகளைப் போட்டுவைக்க இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க், அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதற்குப் பெயர் ரெய்டு. அம்புக்குறி போட்ட இடத்தில் எல்லாம் குழம்பும் பட்டிருந்தது. நான் பில் கட்டப் போனபோது கவுன்ட்டரில் இருந்தவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

அப்போது நீங்கள் உங்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இதுல ரெண்டு வகை இருக்குண்ணே. ஒரு வகையில ரெண்டு டிஸ்க்லயும் ஒரே படத்தை எழுதும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு இருக்கும். இன்னொரு வகையில படத்தைக் கிழிச்சுப் பாதியை இதுல போடும், பாதியை அதுல போடும். வேகம் ஜாஸ்தி, இடமும் ஜாஸ்தி. ஆனா ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சு." எனக்கு எது என்று கேட்டேன். "உங்களுக்கு முதல் வகைதான்ணே. பாதுகாப்புதானே முக்கியம்?" என்றீர்கள். தண்ணீர் ஜக்கோடு வந்த என் மனைவி நின்று கேட்டாள், "ரெண்டுலயும் ஒரே படமா?" "அச்சு அசலா ஒரே படம்க்கா" என்றீர்கள். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் தலையாட்டினால் அந்த விஷயம் அவள் மனதில் ரசீது போட்டு ஏறிவிட்டது என்று அர்த்தம். அக்காவும் தங்கையும் இதில் ஒரே ரகம், உங்களுக்குத் தெரியாததா?

பிறகு கம்ப்யூட்டர் கட்டும் வைபவம். பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட் வாங்கி வந்தீர்கள். உள்ளே நிறம் மாறி மாறி எரியும் விளக்குகள். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கன்னம் ஊதாவாகவும் மறு கன்னம் பச்சையாகவும் விழுந்தது. இப்படி எடுத்தால் வெளிநாட்டில் உள்ளே விடமாட்டார்கள் என்று அவர் சண்டை போட்டுவிட்டுப் போனார். இவ்வளவு யோசித்து விளக்கு வாங்கிய நீங்கள், அந்தப் பெட்டிக்குள் எத்தனை ஹார்ட் டிஸ்க் மாட்ட முடியும் என்பதை யோசிக்கவில்லை. ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. வீடு கட்டி முடித்துவிட்டுப் படிக்கட்டு எங்கே என்று தேடுவது போல் சற்று நேரம் கேபினெட்டைச் சுற்றி வந்தீர்கள். அப்புறம் எங்கள் சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்க வைத்திருந்த புது ஸ்பாஞ்சை எடுத்து வந்து பெட்டியின் அடியில் போட்டு, அதன் மேல் இரண்டாவது டிஸ்க்கைப் படுக்க வைத்தீர்கள். ஒரு திருகு கிடையாது, ஒரு கட்டு கிடையாது. கேட்டதற்கு, "அதிர்வு தாங்கும்ணே. பெரிய பெரிய கம்பெனியிலயே இப்படித்தான்" என்றீர்கள். அந்தப் பெரிய கம்பெனிகள் ஸ்பாஞ்சு எங்கே வாங்குகின்றன என்று நான் கேட்கவில்லை, மரியாதைக்கு.

அதோடும் விட்டீர்களா? வேகம் பார்க்கிறேன் என்று ஏதோ சோதனை ஓட்டினீர்கள். திரையில் ஒரு எண் வந்தது. அந்த எண் உங்களுக்குப் பிடிக்கவில்லை, முகம் தொங்கிப்போயிற்று. என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ அழுத்தினீர்கள், மறுபடி ஓட்டினீர்கள், எண் இரண்டு மடங்காக வந்தது. "பறக்குதுண்ணே!" என்று மேசையைத் தட்டினீர்கள். அந்த எண்ணைப் போட்டோ எடுத்து உங்கள் நண்பர்கள் குழுவுக்கு அனுப்பினீர்கள். கைதட்டல் பொம்மைகள் வந்து குவிந்தன. பறப்பது நல்லதுதானே என்று நானும் கைகுலுக்கினேன். நாலு பேர் பொம்மையில் கைதட்டுவதற்காக என் பிழைப்பை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாற்றினீர்கள் என்பது அப்போது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. என் டிராயரில் இருந்த எல்லாக் கல்யாணத்தையும் அதற்குள் ஏற்றினீர்கள். பழைய டிஸ்க்குகளைத் துடைத்துச் சோதித்துத் தருகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு போனீர்கள். துடைத்தது வரைக்கும் உறுதியாகத் தெரிகிறது, தருவதுதான் பாக்கி. அடுத்து வந்தது மாடி வீட்டுக் கல்யாணம். படங்களை நேராக அந்த ஜோடி டிஸ்க்கிலேயே ஏற்றிவிட்டு, வழக்கம் போல் கேமரா கார்டுகளை அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்ற தெம்பு.

இனி என் மனைவி. எதுவும் ஜோடியாக இருந்தால் அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை. எங்கள் வீட்டு மாற்றுச் சாவி உங்கள் வீட்டில். என் மாற்றுக் கண்ணாடி உங்கள் வீட்டில். போன வருஷம் என் கண்ணாடியை நானே மிதித்து உடைத்துக்கொண்டு, மாற்றுக் கண்ணாடியை எடுக்க பஸ் நம்பர் தெரியாமல் உங்கள் வீடு வந்து சேர்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்டவளுக்கு, அச்சு அசலான இரண்டு டிஸ்க் ஒரே பெட்டிக்குள் கிடப்பது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தீப்பிடித்தால்? திருடன் வந்தால்? அவள் தங்கை வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, கேபினெட்டின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள், ஸ்பாஞ்சின் மேல் சும்மா படுத்திருந்ததை ஒயரைப் பிடுங்கி எடுத்தாள், துண்டில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீங்கள் சொன்னது நிஜமாக இருந்திருந்தால் அவளைப் போல் புத்திசாலி இந்தத் தெருவிலேயே கிடையாது.

மறுநாள் காலை படங்கள் இல்லை. உங்கள் கலர் விளக்குக் கூச்சத்தில் பெட்டிக்குள் ஒரு டிஸ்க்கே இல்லாதது என் கண்ணில் படவில்லை. உங்களுக்குப் போன் போட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னீர்கள். சுவரில் சொருகும் கேபிளை மாற்றச் சொன்னீர்கள். விண்டோஸ் கோளாறு என்றீர்கள். கடைசியில் தூசி என்றீர்கள். தூசிக்குப் பிறகுதான் உங்களுக்கு மீட்டிங் ஆரம்பித்தது. அன்றிலிருந்து நான் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு குனிந்து போய்க் குனிந்து வருகிறேன். அப்படியும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்துவிடுகிறேன். "கலர் சரி பண்ணிட்டிருக்கேன் சார்" என்று ஒரு வாரம் ஓட்டினேன். "மாப்பிள்ளை கோட்டு கலர் பிடிபடலை சார்" என்று அடுத்த வாரம் ஓட்டினேன். "கறுப்புக் கோட்டுக்கு என்னய்யா கலர்?" என்று கேட்டுவிட்டார்.

வேறு வழியில்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். திறந்து பார்த்தவன் முதலில் ஸ்பாஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பக்கத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினான். அவன் இன்னொருவனைக் கூட்டி வந்தான். எல்லோரும் பார்த்து முடித்த பிறகு சொன்னான், "சார், இதுல இருக்கறது எல்லாப் படத்துலயும் பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் படம். இன்னொண்ணு எங்க?" வீட்டுக்கு ஓடி வந்து மனைவியைக் கேட்டேன். "அதுவா? பத்திரமா இருக்கு" என்றாள். என் ஆயுளில் இதைவிடப் பயங்கரமான பதிலை நான் கேட்டதில்லை.

ஆகவே, சகலை, மாப்பிள்ளையின் இடது பாதி என்னிடம் இருக்கிறது, வலது பாதி உங்கள் பீரோவில், உங்கள் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது. உங்கள் மனைவியிடம் கேட்டாயிற்று, அன்றைக்கே அவள்தான் அங்கே வைத்தாளாம், ஆனால் பீரோச் சாவி இப்போது உங்களிடம் என்கிறாள். எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள். வரும் வழியில் சும்மா பார்க்கலாமே என்று எதிலும் சொருகிப் பார்க்க வேண்டாம். ஃபார்மேட் செய்யவா என்று அது கேட்டால் உங்களுக்குக் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். கொடுத்த பிறகு, இனி இந்த ஜன்மத்தில் என் ஸ்டூடியோ வாசலை மிதிக்கக் கூடாது. பின்வாசல் வழியாக வீட்டுக்கு வரலாம், சாப்பிடலாம், கை கழுவலாம். எந்த டிராயரையும் திறக்காமல் போய்விட வேண்டும். கம்ப்யூட்டர் என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்தால் நான் எழுந்து போய்விடுவேன், அது என் வீடாகவே இருந்தாலும்.

என் கொழுந்தியாளுக்கு என் விசாரிப்புகள், அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. குழந்தைகள் நன்றாகப் படித்து, கம்ப்யூட்டர் தவிர எந்தத் துறையிலும் முன்னுக்கு வர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்தார். நான் கோட்டுக் கலரை ஆரம்பிப்பதற்குள், "ஆல்பம் வேணாம்" என்றார். மகள் முந்தாநாள் பெட்டியோடு வந்துவிட்டாளாம். இனிப் போகமாட்டேன் என்கிறாளாம். அங்கே நடந்ததைக் கேட்டபின், போக வேண்டாம் என்று இவரும் சொல்லிவிட்டாராம். எனக்குச் சங்கடமாகிவிட்டது. கல்யாணம் முழுக்க "கொஞ்சம் சிரிம்மா, கொஞ்சம் சிரிம்மா" என்று அந்தப் பெண்ணை நான் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். "அந்தப் பய மூஞ்சியை இனிமே யாரும் பார்க்கக் கூடாது. அழிச்சாலும் திரும்ப எடுத்துடுறாங்களாமே, நிஜமாவே யாராலயும் எடுக்க முடியாதா?" என்று கேட்டார். "என் சகலை போட்டுக்கொடுத்த சிஸ்டம் சார். படம் எடுத்தவன் நான், ஒரு மாசமா எனக்கே கிடைக்கலை" என்றேன். அங்கேயே அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டார். டிஸ்க்கைக் கட்டாயம் கொண்டுவாருங்கள், மற்ற ஜோடிகள் எனக்குத் தெரிந்தவரை இன்னும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கல்யாணத்தை நானே என் கையால் அழித்துவிடுகிறேன். ஸ்டூடியோ வாசலைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். ஏனென்றால் மாடி வீட்டுக்காரர் படியேறப் போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி உங்கள் நம்பரைக் கேட்டார். அவருடைய வியாபாரக் கணக்கு முழுவதையும், ஆடிட்டர் வருவதற்குள், இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டரில் நீங்கள்தான் பத்திரமாகப் போட்டுக்கொடுக்க வேண்டுமாம்.