அமிகாவுக்கு வைத்த சந்தனப் பொட்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது தர மாட்டேன். கடைசி வரியில் வைத்திருக்கிறேன். நடுவில் எங்க அப்பா படும் பாட்டைப் பார்த்து யாருக்காவது அழுகை வந்தால் தாராளமாக அழலாம். நான் அழவில்லை. எனக்கு அப்போது வாய் நிறைய வேலை இருந்தது.

என் பெயர் தமிழ்மதி. பிளஸ் ஒன். யார் குரலையும் இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது தடவை அது என் குரல். ஹெட்மிஸ்ட்ரஸ், வத்தலக்குண்டு பஸ் கண்டக்டர், மாவு மிஷின் எல்லாம் வரும். ஒரு நாள் குக்கர் மாதிரி மூன்று விசில் கொடுத்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டார். அன்றைக்கு மூன்று பேரும் பருப்பைக் கடித்துத்தான் சாப்பிட்டோம்.

எங்க வீடு நாகல் நகரில். அடுப்படி போக இரண்டே அறை. ஒன்றில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். வாசலை ஒட்டின அறையில் அமிகா இருக்கிறது.

அமிகா என் சித்தி இல்லை. கம்ப்யூட்டர். அப்பா கல்யாண வீடியோவுக்கு டைட்டில் போட்ட காலத்தில் வாங்கியது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டி. வெள்ளையாகப் பிறந்து, பல் விளக்காதவன் பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. டிவியில் மாட்டினால் மாப்பிள்ளை பெயர் இந்தப் பக்கமிருந்தும் பெண் பெயர் அந்தப் பக்கமிருந்தும் நீந்தி வந்து, நடுவில் ஓர் இதயத்துக்குள் உட்காரும். அய்யலூரிலிருந்து கொடைரோடு வரைக்கும் அந்த இதயத்தில் உட்காராத ஜோடியே கிடையாது என்பார் அப்பா. பிறகு ஊரெல்லாம் புது மெஷினுக்குப் போனது. அப்பா ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அமிகா மட்டும் எங்கேயும் போகவில்லை.

அம்மா புவனேஸ்வரி ஆரி வேலை செய்கிறவர். கல்யாண ப்ளவுஸில் மணியும் ஜமிக்கியும் வைத்துத் தைப்பது. துணியை இழுத்துக் கட்டும் சட்டத்துக்கு ஓர் ஆள் படுக்கிற இடம் வேண்டும். இடம் எங்கே? சட்டம் அடுப்படியில் கிடந்தது. போன மாதம் நான்சி டீச்சரின் கல்யாண ப்ளவுஸில், தோள்பட்டை மயிலின் கண்ணில் சரியாகப் புளிக்குழம்பு தெறித்துவிட்டது.

"புவனாக்கா, மயிலுக்குக் கண்ணு நோவா?" இது நான்சி டீச்சர். மூக்கால் பேச வேண்டும்.

துணியைச் சுருட்டிக்கொண்டு போனார். அவர் சொல்லிவைத்திருந்த தங்கச்சிமார் ப்ளவுஸ்களும் கூடவே போயின. அம்மா அழவில்லை. உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினார். எங்க அம்மாவுக்கு அழ வேண்டியிருந்தால் அன்றைக்கு வெஞ்சனம் வெங்காயப் பொரியல்.

"ஏங்க, அந்த வாசல் ரூமு எனக்கு வேணும்."

"அது அமிகா ரூமு, புவனா."

"அது செத்து எம்புட்டு நாளாச்சு?"

"சாகல. டைட்டிலு ப்ளாப்பியைப் படிக்கிற டிரைவுதான் மக்கர். ப்ளாப்பியெல்லாம் பூஞ்சை."

"சாம்பாருல பூஞ்சை வந்தா கொட்டுறோம். இதுக்கு மட்டும் ரூமு குடுக்கணுமா?"

அன்றைக்கு அப்பா ஒரு சபதம் எடுத்தார். சபதம் பார்சலில் வந்தது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி.

"இதுக்குப் பேரு எமுலேட்டரு, புவனா. பழைய டிரைவைக் கழட்டிட்டு அந்த இடத்துல இதைச் சொருகணும். பூஞ்சை பிடிக்காத நாலு ப்ளாப்பியில இருந்ததை மதுரைல ஒருத்தரு பென் டிரைவுல ஏத்திக் குடுத்துட்டாரு. அதை இதுல குத்துனா போதும். உள்ள ப்ளாப்பி சுத்துதுன்னே அமிகா நம்பிரும்!"

"ப்ளாப்பி இல்லாமயா?"

"இல்லாமயே! லைட்டு எரியும், நம்பர் வரும், ஒரு குட்டி ஸ்பீக்கரு வச்சுருக்கேன், அது பழைய டிரைவு மாதிரியே கட் கட்டுனு சத்தம் போடும். முட்டாப் பெட்டி, அம்புட்டையும் நம்பும்."

"லைட்டும் சத்தமும் இருந்தா நம்பிருமா?" என்றார் அம்மா.

"நம்பாம?"

அம்மா அந்தக் கறுப்புப் பெட்டியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். மீன்காரரிடம் செவுள் பார்க்கும்போது பார்ப்பாரே, அப்படி.

அடுத்து வந்த நாட்களை அப்பாவின் குரலிலேயே தருகிறேன். "ஐயோ." "ஐயையோ." "போச்சு." "ஏத்தா தமிழு, அந்த டார்ச்சைப் பிடி." "ஸ்க்ரூவு எங்கிட்டு உருண்டுச்சு?" "போச்சுடா, போச்சு." பெட்டியின் பழைய ஸ்க்ரூவெல்லாம் தொலைந்து, கடையில் வாங்கிய, தலையில் ஒற்றைக் கோடு வெட்டிய சாதா ஸ்க்ரூ ஏறியது. கேபிளைத் தலைகீழாகக் குத்தி, நேராகக் குத்தி, அது நேரா தலைகீழா என்று மறந்து, மறுபடி குத்தினார். சாப்பிடும்போதுகூடச் சோற்றைக் கேபிள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம். கதவைச் சாத்திக்கொண்டு அப்பா தனியாக இருந்தார். நான் ஜன்னல் இடுக்கில். திடீரென்று கட் கட் கரக் என்றது. டிவியில் ஓர் இதயம் வந்தது! அப்பா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடினார்.

பிறகு டிவியை அணைத்தார். முகத்தைக் கழுவினார். இழவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி அடுப்படிக்கு வந்தார்.

"புவனா... எனக்கென்னமோ நம்பிக்கை இல்ல."

"எதுல?"

"அமிகா ஓடும்னு. விஜயதசமி அன்னிக்குக் கடைசியா ஒரு தடவை போட்டுப் பாக்குறேன். ஓடலேன்னா ரூமு உனக்கு. ஓடுச்சுன்னா... ஓடவா போகுது... ஒரு பேச்சுக்கு ஓடுச்சுன்னு வையி, ரூமைப் பத்தி நீ இனி பேசப்படாது. என்ன?"

"ஒரே தடவைதான். நடுவுல பிரிச்சுப் போட்டு, அடுத்த ஞாயித்துக்கெழமைன்னு இழுக்கக் கூடாது."

"பாரூக் முன்னாடியே வச்சுக்குவோம்."

பாரூக் என்பது முகமது பாரூக். கேமரா அவர், டைட்டில் அப்பா என்று ஊர் ஊராகக் கல்யாணத்துக்குப் போன கூட்டாளி. எனக்கு மாமா.

அப்பா சீட்டியடித்துக்கொண்டு போனார். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். கட் கட் கரக், இதயம், துண்டு, ஒற்றைக் கால் ஆட்டம். அம்மா நான்கு வெங்காயம் எடுத்தார். இரண்டை நறுக்கினார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

"தமிழு, அந்த டிரைவு சத்தத்தை இன்னொரு தடவை போடு."

போட்டேன்.

"ம்," என்றார் அம்மா. மீதி வெங்காயத்தைக் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டார்.

ஆயுத பூஜையன்று அப்பா விடியலிலேயே எழுந்து ஆயுதம் சேர்த்தார். ஒன்று விடவில்லை. ஸ்க்ரூ டிரைவர் அத்தனையும், குறடு, டெஸ்டர், அம்மாவின் கத்தரிக்கோல், ஆரி ஊசி, தையல் மிஷின், என் கணக்குப் புத்தகம். வாசல் அறையில் பலகை போட்டு, நடுவில் அமிகா. டிவியோடு கேபிளை முன்கூட்டியே மாட்டி, பின்பக்கம் பட்டுத் துண்டு போர்த்தி, சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. கல்யாணமாகாத அத்தை மாதிரி இருந்தது.

"சாமி கும்பிட்டாச்சு. நாளைக்கு நான் எடுக்குற வரைக்கும் ஒரு ஆயுதத்தைத் தொடப்படாது. தொட்டா தெய்வக் குத்தம்."

"அப்ப என் வெங்காயக் கத்தி, அருவாமனை?" என்றார் அம்மா. "அதுக்கும் ஒரு பொட்டு வச்சு உக்கார வைங்க. ஒரு நா நானும் உக்காருறேன்."

"அதையும் வச்சுட்டா மத்தியானம் சோறு எங்கிட்டுருந்து வரும்? நல்லா கேட்ட போ!"

மத்தியானம் சோறு வந்தது. சாப்பிட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்கள், வெல்டிங் பட்டறை, பூட்டுப் பட்டறை என்று பூஜை போட்ட இடமெல்லாம் போய்ப் பொரி கடலை வாங்கப் பை எடுத்துக்கொண்டு கிளம்பினார் அப்பா.

அவர் தெருமுனை தாண்டியதும் அம்மா வாசல் அறைக்குள் போனார். முந்தானையைச் செருகிக்கொண்டார். அமிகாவின் ஸ்க்ரூவெல்லாம் கழன்றன. எதை வைத்துக் கழற்றினார் என்று இப்போது கேட்காதீர்கள். உள்ளே அந்தப் பெரிய பச்சை போர்டு, அதுதான் அமிகாவின் மூளை, குடல், எல்லாம். அதைக் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கி, லைனிங் துணியில் சுற்றி, பீரோவில் தன் முகூர்த்தப் பட்டுக்கு அடியில் வைத்தார்.

"ஒரு கீறல் விழக் கூடாது, தமிழு. பாவம், அவரு சொத்து."

மிச்சம் இருந்தது வெறும் பெட்டி, கீபோர்டு, எமுலேட்டர். லைட்டு எரிவதற்காகப் போன் சார்ஜர் ஒயரை வெட்டி, எமுலேட்டரோடு முறுக்கி, என் பவர் பேங்க்கில் மாட்டினேன். பவர் பேங்க் பட்டன் பெட்டியின் இடப்பக்க ஓட்டை வழியாக விரலுக்கு எட்டும். பின்பக்கக் கேபிள்களை அட்டையில் குத்தி, ஜமிக்கி ஒட்டுகிற பசையால் நிறுத்தினார் அம்மா. மேலே மறுபடி பட்டுத் துண்டு. சந்தனப் பொட்டு ஒரு துளி கலையவில்லை.

விஜயதசமி. நல்ல நேரம். பாரூக் மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சூடத் தட்டோடு அமிகாவின் இடப்பக்கம்.

"பாரூக்கு, நீ கண்ணால பாக்கப் போற. மொதல்ல வாரது யாரு பேரு தெரியுமா? பழனிக்குமார், புவனேஸ்வரி! எங்க கல்யாண டைட்டிலு!"

"என் பேரு டிவியில வந்தது போதுங்க," என்றார் அம்மா. "வாசல்ல போர்டுல வரட்டும்."

அப்பா சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். நான் பட்டனை அமுக்கினேன். எமுலேட்டரில் சிவப்பாக நம்பர் எரிந்தது.

"கட். கட். கரக்." இது நான். போர்டு இல்லாமல் எமுலேட்டரின் ஸ்பீக்கர் பேசாது. என் உதடு அசையாது.

"கேட்டியா! படிக்குது பாரூக்கு, படிக்குது!"

டிவி நீலமாக நின்றது.

"செத்த நேரம் ஆகும். அந்தக் காலத்து மெஷினு."

கட். கட்.

டிவி நீலமாகவே நின்றது. அப்பா எமுலேட்டர் பட்டனைத் தட்டினார். நம்பர் மாறியது. நான் கரக் என்றேன். இன்னொரு நம்பர். இன்னொரு கரக். அவர் நெற்றியில் விபூதி கரைந்து மூக்குக்கு இறங்கியது.

"முந்தாநேத்து ஓடுச்சு மாப்ள!"

"எப்ப?" என்றார் அம்மா.

அப்பா காதில் விழாதவர் மாதிரி கீபோர்டில் குனிந்து, மிக மெதுவாக, "ஏத்தா அமிகா, மானத்தை வாங்காதே," என்றார். எனக்கே பாவமாகப் போயிற்று. மூன்று கட் கூடுதலாகப் போட்டேன். அதைக் கேட்டு அவர் முகத்தில் நம்பிக்கை வந்ததைப் பார்த்ததும் இன்னும் பாவமாகப் போயிற்று. நிறுத்திக்கொண்டேன்.

"இம்புட்டுத் தெளிவா சத்தம் வருது. படம் வரலையே, ஏன்?"

"வயசாகிப்போச்சு, பழனி," என்றார் பாரூக் மாமா. "என் முழங்காலும் அப்படித்தான். சத்தம் வரும், நடை வராது."

நல்ல நேரம் போனது. அப்பா சுவிட்சை அணைத்தார். நானும் பட்டனை விட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்து நின்று, நூறு ஊர்க் கல்யாணத்தையும் ஒரே மூச்சில் வெளியே விட்டார்.

"ரூமு உனக்கு, புவனா. பாரூக்கு சாட்சி."

"சரிங்க," என்று அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"நான் வாழவச்ச மெஷினு. நானே தூக்கிப் பரண்ல ஏத்துறேன். யாரும் பிடிக்க வேணாம். கனமா இருக்கும்."

பட்டுத் துண்டை எடுத்தார். காலை அகட்டி நின்றார். மூச்சைப் பிடித்தார். தூக்கினார்.

அமிகா அவர் மூக்குக்கு மேலே போய்விட்டது.

அப்பா அப்படியே நின்றார். மெல்ல இறக்கினார். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே என் பவர் பேங்க் கடகடவென்றது. பின்பக்கத்திலிருந்து பசையோடு ஓர் அட்டைத் துண்டு பிய்ந்து தொங்கியது. அதிலிருந்து ஒரு தங்க ஜமிக்கி உதிர்ந்து, தரையில் உருண்டு, பாரூக் மாமாவின் கால் விரலில் முட்டி நின்றது.

ஜமிக்கியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சத்தம்?"

"கட் கட் கரக்," என்றேன். வேறு என்ன சொல்ல?

பாரூக் மாமா நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா வெறும் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டே அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"புவனா... உள்ள போர்டு?"

"பீரோவுல. பட்டுக்கு அடியில பத்திரமா இருக்கு."

"ஸ்க்ரூ டிரைவரு அம்புட்டும் பூஜையில இருந்துச்சே. வச்ச பொட்டு வச்சபடி இருக்கே. எதை வச்சுடி கழட்டுன?"

அம்மா நிமிரக்கூட இல்லை.

"வெங்காயக் கத்தி. அதுக்குத்தான் நீங்க லீவே விடலையே."