மாமன்னர் நீங்கலாக

துகள்நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு மின்குறியோடு பிறந்தார்கள். பிளஸ் அல்லது மைனஸ். மாமன்னர் வச்சிரகேது பிளஸ். ஆஸ்தான அறிஞர் அம்பலக்கூத்தரும் அதே இனத்துப் பிளஸ். அந்தப் பதவிக்குத் தன்னிடம் இருந்த முழுத் தகுதி அதுதான் என்பது அவருக்கே தெரியும்.

நாட்டில் விளக்கெரிய ஆற்றல் இல்லை. இருட்டை இனி 'குளிர்வெளிச்சம்' என்றே அழைக்க வேண்டும் என்று முதலில் ஆணை வந்தது. பிறகு குளிர்வெளிச்சத்துக்கு வரி வந்தது. மக்கள் மாற்றம் கேட்டு முணுமுணுத்தார்கள். தேர்தலும் நெருங்கியது.

"மாற்றம் கொடுக்கணும். ஆனா எதுவும் மாறக் கூடாது. வழி இருக்கா?" என்றார் மன்னர்.

வாழ்க்கையில் முதல்முறையாகக் கூத்தருக்குப் படித்தது நினைவுக்கு வந்தது.

"இருக்குங்க மாமன்னா. பிளஸ் எல்லாரையும் மைனஸாக்கி, மைனஸ் எல்லாரையும் பிளஸாக்கிடலாம். எல்லாரையும் ஒரே நேரத்துல மாத்திட்டா இயற்கை விதி கண்டுக்காது. ஆற்றலும் இருந்தபடியே இருக்கும்."

மேளதாளத்தோடு மக்கள் குறி மாறி எதிரானார்கள். மறுநாள் அதே இருட்டில் அதே கஞ்சியைக் காய்ச்சினார்கள். எதிராவதற்கான கட்டணம் மட்டும் கூடுதல்.

ஆணையின் முதல் வரி, 'மாமன்னர் நீங்கலாக அனைவரும்' என்றிருந்தது. அந்நாட்டுச் சட்டங்கள் எல்லாமே அப்படித்தான் தொடங்கும். அதைப் படித்ததும் கூத்தருக்குப் பாடத்தின் மீதியும் நினைவுக்கு வந்தது. எதிரானவனும் ஆகாதவனும் ஒரே இனமாக இருந்து தொட்டுக்கொண்டால் இருவரும் இல்லாமல் போவார்கள், ஒளிதான் மிஞ்சும். சொன்னால் பதவி போகும். மன்னர்தான் குடிமக்களைத் தொடுவதே இல்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தேர்தலை மறந்துபோனார். அறிஞர் அல்லவா.

பிரசார மேடையில் மன்னர் ஒரு சாமானியனைக் கட்டித்தழுவ வேண்டும். நிஜச் சாமானியர்கள்மேல் வியர்வை நாறும் என்பதால் தலைமை அமைச்சர் கூத்தருக்குக் கந்தல் உடுத்தி ஏற்றிவிட்டார்.

"மாமன்னா, நீங்களும் மாறிட்டு வந்துடுங்க. இல்லேன்னா ரெண்டு பேருமே போயிடுவோம்," என்று கூத்தர் சொன்னார்.

"மாற்றம் மக்களுக்குய்யா. நான் எதுக்கு மாறணும்?"

கூத்தர் கீழே பார்த்தார். கும்மிருட்டில் நாடே நின்றிருந்தது. தன் படிப்பால் ஒரு வீட்டில்கூட விளக்கெரியவில்லை என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஓடத்தான் கால் பரபரத்தது. ஆனால் ஓடவில்லை.

"அப்ப வாங்க மாமன்னா," என்று கைகளை விரித்தார்.

அன்று நாடு முழுவதும் வெளிச்சம். மக்கள் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அறிஞரின் அளவு கடந்த விசுவாசமே விபத்துக்குக் காரணம் என்று விசாரணைக் குழு கண்டறிந்தது.

அமைச்சர் அரியணை ஏறினார். மன்னர் மக்களைப் போல இருக்கலாகாது என்று தன் குறியை மட்டும் பழையபடி மாற்றிக்கொண்டார். அடுத்த தேர்தல் வந்தது. மேடையில் நின்று பெருந்தன்மையோடு கேட்டார்:

"உங்கள்ல யாரு என்னைக் கட்டிப்பிடிக்க வர்றீங்க?"

இருட்டில் எல்லாக் கைகளும் உயர்ந்தன.