கொண்டைக்கடலை ரூலெட்

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த தமிழர்களில், சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றிக் குழம்பு வைத்த ஒரே மனிதர் எங்கள் சக்கர அண்ணாச்சிதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை.

எழுபதுகளின் நடுவில் ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். கும்பகோணத்து மணி எலெக்ட்ரீசியன். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். ஒரு ஒர்க்ஷாப்பில் லேத் ஓட்டினார். அதற்கு முன்னால் ஒரு பயணிகள் கப்பலில் எஞ்சின் அறையில் இருந்தவர். அந்தக் கப்பலின் சூதாட்ட அறையில் ஒருநாள் சக்கரம் ஒன்று இறுகிப்போக, எண்ணெய் விட அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எண்ணெய் விடப் போனவர் மனதைப் பறிகொடுத்துத் திரும்பினார். சிலர் கடலைப் பார்த்து மயங்குவார்கள். இவர் பேரிங்கைப் பார்த்து மயங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் ஷார்ஜாவில் ஒரு கேசினோ வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. சக்கரம் சுற்றுகிறவருக்கு நல்ல சம்பளமாம், குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸாம். அண்ணாச்சிக்கு அந்தக் கடைசிச் செய்தி ஒன்றே போதுமானதாக இருந்தது. அவருடைய மகள் பிறந்து தவழ்வதற்குள் ஊரைவிட்டு வந்தவர் அவர். லேத் வேலைச் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது.

அன்றே பயிற்சி தொடங்கியது. லாரி பேரிங் ஒன்றின்மேல் மரத்தட்டைப் பொருத்தி, அதில் முப்பத்தேழு குழி கடைந்தார். ஒன்று முதல் முப்பத்தாறு வரை பாதிக்குச் சிவப்பு ப்ரைமர், பாதிக்குக் கறுப்பு. ஜீரோவுக்கு லேத் மெஷினுக்கு அடிக்கிற பச்சை பெயின்ட். சிமென்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார். சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றி, எஃகுக் குண்டை எதிர்ப்பக்கம் உருட்டிவிடுவார். குண்டு வேகம் குறைந்து, துள்ளி, ஏதாவது ஒரு குழியில் உட்காரும். கேட்க நேர்த்தியான சத்தம். பார்க்கத்தான் கொஞ்சம் சங்கடம். பனியன், கைலி, கழுத்தில் கேசினோக்காரர்கள் கட்டுகிற கறுப்பு போ டை என்ற கோலத்தில்தான் அவர் ஒத்திகை நடத்துவார்.

வெள்ளிக்கிழமை லீவு நாளில் நானும் மணியும் வாடிக்கையாளர்கள். பணம் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊறவைத்த கொண்டைக்கடலை. ஒரே எண்ணில் வைத்து ஜெயித்தால் ஒன்றுக்கு முப்பத்தைந்து தருவார். இரண்டு எண்ணுக்கு நடுக்கோட்டில் வைத்தால் பதினேழு. நான்கு எண் கூடும் மூலையில் வைத்தால் எட்டு. பன்னிரண்டு எண் கொண்ட வரிசைக்கு இரண்டு. சிவப்பா கறுப்பா, ஒற்றையா இரட்டையா என்றால் ஒன்றுக்கு ஒன்று. குண்டு வேகம் குறைந்ததும், "போதும், இனிமே வைக்கப்பிடாது, கைய எடும்வே" என்பார். கப்பலில் இதைப் பிரெஞ்சில் சொல்வார்களாம்.

தோற்ற கடலையெல்லாம் அவர் பக்கத்திலிருந்த குக்கரில் விழும். சாயங்காலத்துக்குள் எங்கள் டம்ளர்கள் எப்படியும் காலியாகிவிடும். குக்கரை அப்படியே அடுப்பில் ஏற்றிவிடுவார். அந்த அறையில் ஒரு வெள்ளிக்கிழமைகூட குழம்பு தவறியதில்லை.

மணிக்கு இதில் சந்தேகம் வந்தது. சக்கரத்தில் ஏதோ தில்லுமுல்லு என்றான். அண்ணாச்சி கோபப்படாமல் அவனை உட்காரவைத்தார்.

"முப்பத்தேழு நம்பர்லயும் ஒவ்வொரு கடலை வையும். எது விழுந்தாலும் உமக்கு ஜெயிச்ச முப்பத்தஞ்சும் வச்ச ஒண்ணும் வரும். மொத்தம் முப்பத்தாறு. மிச்சம் ஒண்ணு எங்கவே போச்சு?"

"குக்கருக்கு."

"அவ்வளவுதான் ரூலெட்டு. சிவப்புல வச்சாலும் அதே கதைதான். பதினெட்டு குழி உமக்கு, பத்தொம்பது எனக்கு. அமெரிக்காக்காரன் ஜீரோவ ரெண்டாக்கிட்டான். அவனுக்குக் குக்கர் பெருசு."

மணி அடங்கவில்லை. தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைப்பது என்று ஒரு திட்டத்தோடு அடுத்த வாரம் வந்தான். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று போய், அடுத்த ஆட்டத்துக்கு வைக்க டம்ளரில் கடலை இல்லாமல் விழித்தான். ஜெயித்திருந்தால் தோற்றதெல்லாம் போக என்ன மிஞ்சியிருக்கும் என்று அண்ணாச்சி கேட்டார். ஒரே ஒரு கடலை என்று மணி யோசித்துச் சொன்னான். அன்றைய குழம்பு கொஞ்சம் கெட்டியாகவே இருந்தது.

நிற்காமல் ஓடும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடிக்கப்போன பிரெஞ்சுக் கணித மேதையிடமிருந்துதான் இந்தச் சக்கரம் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. நான் அதைச் சொன்னபோது அண்ணாச்சி சக்கரத்தைத் தடவிக்கொண்டே, "நிக்காம ஓடுறது குக்கர்தான் தம்பி" என்றார்.

கடைசியில் கேசினோ வரவிருந்த ஹோட்டலிலிருந்து ஆள் எடுக்கக் கூப்பிட்டார்கள். விண்ணப்பம் நிரப்ப நானும் கூடப் போனேன். மேனேஜர் லெபனான்காரர். அண்ணாச்சியை மேசைக்குப் பின்னால் நிறுத்தி, எதிரில் கோட் போட்ட ஒருவரை ஆடச் சொன்னார். அண்ணாச்சி சுற்றிய அழகைப் பார்த்து மேனேஜரே தலையாட்டினார். வேலை கிடைத்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கறுப்பு தொடர்ந்து ஐந்து முறை விழுந்தது. கோட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் சிவப்பில் வைத்துத் தோற்றார். நெற்றியைத் துடைத்தார். கை நடுங்க, மீதியிருந்த பந்தய வில்லைகளையெல்லாம் சிவப்பின்மேல் தள்ளினார். இந்தத் தடவை சிவப்பு வந்தே தீரும் என்றார்.

அண்ணாச்சி குண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சார், வீல் நோ மெமரி. ஃபைவ் டைம் பிளாக், டென் டைம் பிளாக், நெக்ஸ்ட் டைம் சேம் சேம். ரெட் எய்ட்டீன், கம்பெனி நைன்டீன். கலாஸ், ஃபினிஷ். கோ ஹோம், ஈட் ரைஸ்."

வில்லைகளைக் கோட்டுக்காரர் பக்கமே திருப்பித் தள்ளினார்.

மேனேஜர் ஆட்டத்தை அதோடு நிறுத்தினார். பிறகு என்னிடம், இவரை வைத்தால் ஒரு வாரத்தில் கடையை மூட வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார். கோட்டுக்காரர் அந்த ஹோட்டல் ஊழியர். நடுக்கமெல்லாம் நடிப்பு.

திரும்பும் வழியில், நடிப்பு என்று தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. தெரிஞ்சிருந்தாலும் சொல்லித்தான் இருப்பேன். நாளைக்கு நிசமான ஆளு வந்து நிப்பாம்லா? அவன் ஊட்லயும் ஒரு புள்ள இருக்கும்லா?"



கதை அதோடு முடிந்திருந்தால் தேவலை. ஹோட்டலில் நடந்ததை மேனேஜர் சிரித்துச் சிரித்து ஊரெல்லாம் சொல்ல, அது ஒர்க்ஷாப் முதலாளியான அரபியின் காதுக்குப் போய்விட்டது. அவர்தான் அண்ணாச்சிக்கு விசா கொடுத்த கஃபீல். அனுமதி இல்லாமல் வேறு வேலை தேடியவனை அவர் நினைத்தால் விசாவை ரத்து செய்து அடுத்த விமானத்தில் ஏற்றலாம். கூப்பிட்டு அனுப்பியதும் அண்ணாச்சி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டே போனார். நானும் மணியும் டீ ஆறிப்போக வாசலிலேயே நின்றிருந்தோம்.

மத்தியானம் ஒரு பெரிய சாவிக்கொத்தோடு திரும்பினார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி, கேன்சலா?" என்றான் மணி.

"சம்பவத்தத் திரும்பச் சொல்லுன்னாரு. சொன்னேன். சிரிச்சாரு. இன்னொருக்கச் சொல்லுன்னாரு." கட்டிலில் உட்கார்ந்தார். "அவரு ஸ்டோர்ல மாசாமாசம் சாமான் காணாமப் போகுதாம். அடுத்தவன் காசு தானா வந்தாலும் திருப்பித் தள்ளுத ஆளத்தான் தேடிட்டிருந்தாராம். ஸ்டோர் கீப்பர் வேலை. மேல ரூம் இருக்கு, பொண்டாட்டி புள்ளைய வரச் சொல்லுன்னுட்டாரு."

சொல்லிவிட்டுக் கட்டிய பெட்டியைப் பிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தி, எப்படியும் வீடு மாறத்தானே வேண்டும் என்று மறுபடி கட்டினார். அதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாங்கள் பார்க்கவில்லை என்று இன்றுவரை நம்புகிறார்.

அந்தக் கேசினோவும் நிலைக்கவில்லை. அண்ணாச்சியின் வீடு நிலைத்தது. மனைவியும் மகளும் வந்த அன்று நானும் மணியும் விமான நிலையத்துக்குப் போய் சாமான்களை ஏற்றிவிட்டு, அறைக்குத் திரும்பினோம். மூன்றாவது கட்டிலுக்கு ஆள் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, ரொம்ப நாள் இரண்டு பேர் சம்பளத்தில் மூன்று பேர் வாடகை கட்டினோம்.